நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்கலாமா? 'ஈஆர்', 'தி பிட்' பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேஷுவாலிட்டியில் டூட்டி பார்ப்பவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் இலை போடும்வரைகூடப் பொறுக்காமல் கேட்டுவிடுகிறார்கள்: "டிவியில காட்டுற மாதிரிதான் நிஜத்துலயும் நடக்குமா டாக்டர்?" கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் உட்கார்ந்து பார்த்த இரண்டு அமெரிக்கத் தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதையில் சில இடங்கள் வெளிப்பட்டுவிடும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அது என்ன 'ஈஆர்'? என்ன 'தி பிட்'?

'ஈஆர்' என்றால் எமர்ஜென்சி ரூம், நம் ஊர்க் கேஷுவாலிட்டி. 1994 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 2009 ஏப்ரலில் முடிந்தது. 15 சீசன், 331 எபிசோடு. சிகாகோவில் கவுன்ட்டி ஜெனரல் என்ற கற்பனை மருத்துவமனையில் நடக்கும் கதை. இதை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். மாணவராக இருந்தபோது வார்டில் பார்த்ததை வைத்து 1974லேயே திரைக்கதை எழுதிவிட்டார். அது படமாக இருபது வருடம் ஆனது. ஜார்ஜ் குளூனி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானது இதில்தான்.

'தி பிட்' 2025 ஜனவரியில் வந்தது. இதுவும் கேஷுவாலிட்டிக் கதைதான், ஊர் பிட்ஸ்பர்க். முதல் சீசன் முழுக்க ஒரே ஒரு ஷிப்ட்தான். காலை ஏழு மணிக்குத் தொடங்கி எபிசோடுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 15. 'ஈஆர்' முதல் எபிசோடில் ஒன்றும் தெரியாத மருத்துவ மாணவனாக வந்து நின்ற நோவா வைல், இதில் தாடியோடு பிரிவையே நடத்தும் மூத்த மருத்துவர். ஜோ சாக்ஸ் என்ற அவசர சிகிச்சை மருத்துவர் இரண்டு தொடர்களுக்கும் எழுதியிருக்கிறார். இந்த ஒரு விஷயமே நிறைய சொல்லும்.

மானிட்டரில் கோடு நேராகிவிட்டதும் ஷாக் கொடுக்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. ஆனால் ஊர் உலகத்தில் எடுத்த முக்கால்வாசி சினிமாவில் இந்தக் காட்சி இருக்கிறது.

ஷாக் என்பது நின்றுபோன இதயத்தைக் கிளப்பும் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், வண்டிக்கு கிக்கர் உதைப்பதுபோல. உண்மை வேறு. திடீரென்று ஒருவர் சுருண்டு விழும்போது பல சமயம் இதயம் நின்றிருக்காது. ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். பத்து மேளக்காரர்கள் ஆளுக்கொரு தாளத்தில் வெளுத்து வாங்கினால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், கச்சேரி இருக்காது. அந்த நிலையில் இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகாது. இதற்குப் பெயர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். வார்டில் 'வி-ஃபிப்' என்போம். ஷாக் என்பது அந்தப் பத்துப் பேரையும் ஒரே நொடியில் "நிறுத்துங்கப்பா" என்று அதட்டுவது. எல்லோரும் அடங்கியதும், இதயத்தில் தாளம் போடுவதற்கென்றே ஒரு மூத்த தவில்காரர் இருக்கிறார், அவர் மறுபடி எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருக்கிறோம்.

நேர்கோடு என்பது மேளமே இல்லாத வெறும் பந்தல். அங்கே யாரை அதட்டுவது? அப்போது செய்ய வேண்டியது நெஞ்சை விடாமல் அழுத்துவது (இதைத்தான் சிபிஆர் என்கிறோம்), மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பது, ஏன் நின்றது என்று தேடுவது. ரத்தம் போய்விட்டதா, பொட்டாசியம் ஏறிவிட்டதா, மூச்சு அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதைக் காட்டினால் விறுவிறுப்பாக இருக்காது. இரண்டு தட்டுகளை நெஞ்சில் வைத்து உடம்பு எம்பிக் குதித்தால்தான் காட்சி. (அப்படி எம்பிக் குதிப்பதும் பொய்தான். தசை ஒருமுறை சுண்டும், அவ்வளவே. அந்தத் தட்டுகளும் இப்போது அதிகம் கிடையாது, ஒட்டும் பேட்தான்.)

இன்னொன்று. மானிட்டரில் நேர்கோடு தெரிந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது லீட் கழன்றிருக்கிறதா என்று. பயிற்சி மருத்துவராக இருந்தபோது அலாரம் கேட்டு ஒரு கட்டிலுக்கு மூச்சிரைக்க ஓடினேன். பெரியவர் சப்பணமிட்டு உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். மார்பில் ஒட்டியிருந்த வயர் வேர்வையில் கழன்று கட்டிலுக்குக் கீழே தொங்கியது. "என்ன தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

சிபிஆர் கொடுத்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

திரையிலா, தரையிலா?

திரையில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 1996இல் ஒரு கட்டுரை வந்தது. 'ஈஆர்' உட்பட மூன்று அமெரிக்கத் தொடர்களின் 97 எபிசோடுகளைப் பார்த்து, அதில் வந்த 60 சிபிஆர்களைக் கணக்கெடுத்தார்கள். 75 சதவீதம் பேருக்கு இதயம் மீண்டும் துடித்தது. 67 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பியதாகக் காட்டப்பட்டது. இதயம் நின்றவர்களில் 65 சதவீதம் பேர் குழந்தைகளும் இளவயதினரும்! நிஜத்தில் இந்தக் கட்டிலில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், நெடுநாள் சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்.

அமெரிக்காவிலேயே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புபவர்கள் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேர். மருத்துவமனைக்குள்ளேயே நின்றால் சுமார் நான்கில் ஒருவர். பிழைத்தவர்களும் அடுத்த காட்சியில் கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்பதில்லை. பல நாள் வென்டிலேட்டர், அப்புறம் ஞாபகக் குறைவு, உடைந்த விலா எலும்பு.

இந்தப் புள்ளிவிவரத்தை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எண்பது தாண்டிய ஒருவருக்கு நாற்பது நிமிடம் சிபிஆர் செய்துவிட்டு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னால், மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ ஷாக் குடுங்க சார், வந்துரும்" என்கிறார். அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை.

நடிகர்கள் ஏன் முழங்கையை மடக்கி மெதுவாக அழுத்துகிறார்கள்?

எதிரே படுத்திருப்பவர் உயிருள்ள நடிகர் என்பதால்தான். சரியாக அழுத்தினால் அவருக்கு விலா போய்விடும். நிஜ சிபிஆரில் கை நேராக இருக்க வேண்டும், தோள் கைக்கு நேர்மேலே, நெஞ்சு 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு நிமிடத்தில் ஆள் மாற்றாவிட்டால் அழுத்துபவரே விழுந்துவிடுவார். சட்டை நனைந்துவிடும். தொடரில் யாருக்கும் தலைமுடிகூடக் கலைவதில்லை.

"ஸ்டாட்", "கிளியர்", "செம்-செவன்" என்றெல்லாம் கத்துகிறார்களே?

'ஸ்டாட்' என்றால் உடனே, லத்தீனிலிருந்து வந்தது. 'கிளியர்' என்றால் ஷாக் கொடுக்கப் போகிறேன், கட்டிலிலிருந்து கையை எடுங்கள். 'செம்-செவன்' சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின், சர்க்கரை முதலிய ஏழு ரத்தப் பரிசோதனைகளின் கூட்டு. சொற்கள் மெய்யானவைதான். ஆனால் நல்ல டீம் வேலை செய்யும்போது அறையில் இத்தனை சத்தம் இருக்காது. கத்தல் கேட்டால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

வலிப்பு வந்தவரைப் பிடித்து அமுக்குகிறார்களே, செய்யலாமா?

செய்யக் கூடாது. இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஈஆர்' கடைசி ஐந்து சீசன்களோடு வேறு மூன்று மருத்துவத் தொடர்களையும் சேர்த்து 327 எபிசோடு பார்த்து, 2010இல் சொன்னார்கள். 59 வலிப்புக் காட்சிகளில் 17 இடத்தில்தான் முதலுதவி சரி. ஏறக்குறைய பாதிக் காட்சிகளில் தவறு: உதறலை நிறுத்த ஆளைப் பிடித்து அமுக்குவது, வாயில் எதையாவது திணிப்பது. அதுவும் மருத்துவமனைக்குள், மருத்துவர் வேடம் போட்டவர்கள் செய்தது!

நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. நம் ஊரில் வலிப்பு வந்ததும் கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார், இன்னொருவர் அரிவாள் தேடுவார். இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பழையது என்று தெரியவில்லை, ஆனால் நம் சினிமா அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருந்தது சாவி, அதனால் பெயர் சாவிக்குப் போய்விட்டது.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். கல், மேசைக்கால், அடுப்பு அருகில் இருந்தால் நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் விரல், கரண்டி, தண்ணீர், எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, முதல்முறையாக வருகிறது என்றாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108.

'ஈஆர்'ல் பிரசவத்தில் இறந்துபோகும் பெண்ணின் கதை. அப்படி நடக்குமா?

நடக்கும். இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நேரமாகக் காத்திருந்தேன்.

முதல் சீசனின் 19வது எபிசோடு, 1995 மார்ச்சில் ஒளிபரப்பானது. எழுதிய லான்ஸ் ஜென்டிலே அவசர சிகிச்சை மருத்துவர். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கணவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறாள். சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு. டாக்டர் கிரீன் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பைத் தொற்று என்று மருந்து எழுதி அனுப்புகிறார். வாசலைத் தாண்டுவதற்குள் வலிப்பு. அப்புறம் ஒரு எபிசோடு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. மகப்பேறு மருத்துவர் கிடைக்கவில்லை, கிரீனே பிரசவம் பார்க்க முடிவெடுக்கிறார், குழந்தையின் எடையைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார், தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. கேஷுவாலிட்டியிலேயே வயிற்றைக் கிழித்து எடுக்கிறார். குழந்தை பிழைக்கிறது. நச்சுக்கொடி பிரிந்து, ரத்தம் உறையும் தன்மை போய், தாய் இறந்துவிடுகிறாள். கடைசியில் கிரீன் ரயிலில் தனியாக உட்கார்ந்து அழுகிறார்.

இதில் வரும் ஒவ்வொரு கண்ணியும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் போய், சிறுநீரில் புரதம் வந்தால் ப்ரீ-எக்லாம்ப்சியா. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா, தமிழில் சூல்வலிப்பு. அதற்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்க வேண்டும். வார்டில் 'மேக் சல்ஃப்' என்போம். விலை மலிவான மருந்து. ஒரு விந்தை: அந்த எபிசோடு வந்த அதே 1995இல்தான், மற்ற வலிப்பு மருந்துகளைவிட மெக்னீசியமே நல்லது என்று அடித்துச் சொன்ன பன்னாட்டு ஆய்வு 'லான்செட்' இதழில் வெளியானது. இந்தியாவும் அதில் பங்கேற்றது. அதுவரை டயஸிபாமா, ஃபெனிட்டாயினா, மெக்னீசியமா என்று நாட்டுக்கு நாடு வேறு வேறு வழக்கம்.

தோள் மாட்டிக்கொள்வதும் நிஜம். அப்போது தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கி, ஒருவர் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு மேலே, அழுத்துவார். பெரும்பாலும் இதிலேயே வெளியே வந்துவிடும். தொடரில் வரவில்லை. வெளியே வந்த தலையை உள்ளே தள்ளிவிட்டு சிசேரியன் செய்வது மிக மிக அரிது. மகப்பேறு மருத்துவர்களிலேயே பலர் தம் வாழ்நாளில் செய்திருக்க மாட்டார்கள். இத்தனையும் ஒரே பெண்ணுக்கு, ஒரே ராத்திரியில் என்பது எழுத்தாளரின் கை. ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொய் இல்லை.

நான் இந்த எபிசோடை மதிப்பது சிகிச்சைக் காட்சிகளுக்காக இல்லை. முதல் பத்து நிமிடத்துக்காக. அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஜோக் அடிக்கிறாள். நோய் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வேலையில் பயம் ரத்தம் வழிந்துகொண்டு வருபவரைப் பார்த்து வருவதில்லை. நடந்து வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்து போனவரை நினைத்து ராத்திரி மூன்று மணிக்கு வருவது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தாய்-சேய் அட்டையில் பிரஷர் எழுதியிருக்கும் கட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நெஞ்சைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைவது உண்டா?

உண்டு. அவசர தோராக்காட்டமி. கத்திக்குத்தில் இதயத்தில் ஓட்டை விழுந்து, வாசலுக்கு வரும்வரை உயிர் இருந்து, கண்ணெதிரே நின்றுபோனால், பழகிய கை இருந்தால், பலன் தரலாம். பைக் விபத்துபோல மொத்தமாக அடிபட்டு நின்றுபோன இதயத்துக்கு இதைச் செய்தால் நூற்றில் ஓரிருவர் பிழைப்பதே பெரிது. 'ஈஆர்'ல் இது அடிக்கடி நடந்தது. எங்களில் பலர் புத்தகத்தில் படித்ததோடு சரி.

மூச்சடைத்தவருக்குப் பேனாவால் தொண்டையில் துளை போடலாமா?

வேண்டாம். மருத்துவர்கள் குரல்வளைக்குச் சற்றுக் கீழே உள்ள சவ்வில் கீறிக் குழாய் போடுவது உண்டு. அதற்குக் கத்தி வேண்டும், குழாய் வேண்டும், இடம் தெரிய வேண்டும். தொண்டையில் சாப்பாடு அடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் பின்னால் நின்று கட்டிப்பிடித்து வயிற்றில் ஐந்து அழுத்து. நினைவு போய்விட்டால் சிபிஆர். பேனா சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

துப்பாக்கிக் குண்டை எடுத்துத் தட்டில் 'டிங்' என்று போடுகிறார்களே?

அந்த 'டிங்' கேட்டால்தான் நமக்கு நிம்மதி. ஆனால் குண்டு உள்ளே போகும்போதே சேதத்தை முடித்துவிடுகிறது. ரத்தக் கசிவை நிறுத்துவதும் கிழிந்த குடலைத் தைப்பதும்தான் வேலை. குண்டு ஆபத்தான இடத்தில் இல்லாவிட்டால் பல சமயம் அப்படியே விட்டுவிடுவார்கள். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டுக்கு, மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டு விட்டுக் குண்டைத் தேடினார்கள். இரண்டரை மாதம் சீழ் பிடித்துக் கிடந்து இறந்தார்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அவ்வளவு சீக்கிரம் வருமா?

வராது. தொடர்களின் ஆகப் பெரிய புளுகு ஷாக் இல்லை, கடிகாரம்தான். அங்கே ரத்தம் எடுக்கிறார்கள், அடுத்த வசனத்தில் ரிப்போர்ட். நிஜத்தில் சில பரிசோதனைகள் ஒரு மணி நேரம், சில இரண்டு நாள். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினை ஒருமுறை பார்த்தால் போதாது, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் நோயாளியோடு வந்தவர் பத்துத் தடவை கதவைத் தட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

'கிரேஸ் அனாடமி' என்ற இன்னொரு புகழ்பெற்ற தொடரை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. 269 எபிசோடுகளில் வந்த 290 விபத்து நோயாளிகளை 4,812 நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். தொடரில் 71 சதவீதம் பேர் கேஷுவாலிட்டியிலிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள். நிஜத்தில் 25. இறந்தவர்கள் தொடரில் 22 சதவீதம், நிஜத்தில் 7. ஆக, சிபிஆரில் கூடுதலாகப் பிழைக்க வைக்கிறவர்கள் விபத்தில் கூடுதலாகச் சாகடிக்கிறார்கள். பிழைத்தவர்களோ நிஜத்தைவிடச் சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாதக்கணக்கில் நடக்கப் பழகுவதைக் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பது?

'தி பிட்' மட்டும் நிஜம்போல இருக்கிறது என்கிறார்களே, ஏன்?

அதே கடிகாரம்தான் காரணம். இதில் நேரத்தை ஏமாற்ற முடியாது. வெட்டி ஒட்டி "மறுநாள் காலை" என்று போட வழியில்லை.

ஒரு கல்லூரி மாணவன், ஃபென்டனில் என்ற வீரியமான போதை மருந்து கலந்த போலி மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறான். இதயம் துடிக்கிறது, மூளை இறந்துவிட்டது. வேறு தொடராக இருந்தால் இரண்டு காட்சியில் முடித்திருப்பார்கள். இதில் பெற்றோர் எபிசோடு எபிசோடாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பரிசோதனை, காத்திருப்பு, இன்னொரு பரிசோதனை, மறுப்பு, கெஞ்சல், அதன் பிறகுதான் உறுப்பு தானம் பற்றிய பேச்சு. மருத்துவர் நடுவில் எழுந்து போய் நான்கு நோயாளிகளைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அவர்கள் எதிரே உட்காருகிறார். இதுதான் எங்கள் டூட்டி. ஓர் அறையில் சாவுச் செய்தி, அடுத்த அறையில் காதுக்குள் போன கம்மல்.

காத்திருக்கும் கூடத்தையும் காட்டியிருக்கிறார்கள். மேலே வார்டில் கட்டில் இல்லை, அதனால் கேஷுவாலிட்டியில் கட்டில் காலியாவதில்லை, அதனால் வெளியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பொறுமை இழந்து, வெளியே புகைபிடிக்க வந்த தலைமை நர்ஸ் முகத்தில் குத்துகிறான். அந்தக் காட்சியில் எங்கள் டூட்டி ரூமில் யாரும் பேசவில்லை. எங்கள் சிஸ்டர் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார்.

பிற்பகுதியில் இசை விழாவில் துப்பாக்கிச்சூடு நடந்து நோயாளிகள் வெள்ளமாக வருகிறார்கள். வாசலிலேயே நிறப் பட்டை கட்டிப் பிரிக்கிறார்கள். சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை நடக்க முடிந்தவர். சாகப் போகிறவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், இருக்கும் கைகள் பிழைக்கக்கூடியவருக்குப் போகும். கேட்கக் கொடுமைதான், ஆனால் பேரிடர்ப் பயிற்சியில் சொல்லித் தருவது அதுவே. ஒரு மருத்துவர் தன் காலில் ரத்தப் பையைக் கட்டித் தானம் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பது கொஞ்சம் அதிகம். போர்க்களத்தில் கூட இருப்பவர்களிடமே ரத்தம் எடுத்து ஏற்றுவது உண்டு. எடுத்துக்கொண்டே சிகிச்சை பார்ப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

"டியூப் போட வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தால் உண்மையிலேயே போட மாட்டார்களா?

'தி பிட்' முதல் சீசனில் இதற்கென்றே ஒரு கதை. முதியோர் இல்லத்திலிருந்து வரும் பெரியவர், மூச்சுக்குழாய் வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார். மகனும் மகளும் தாங்க முடியாமல் போடச் சொல்கிறார்கள். போடுகிறார்கள். அவர் படும் பாட்டைப் பார்த்த பிறகு எடுக்கச் சம்மதிக்கிறார்கள். கடைசி நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர், ஹவாய்த் தீவுகளின் வழக்கம் என்று நான்கு வாக்கியம் சொல்லித் தருகிறார்: உன்னை நேசிக்கிறேன், நன்றி, உன்னை மன்னித்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு.

இந்தியாவில் உயிருடன் இருக்கும்போதே இப்படி எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் நான் இதுவரை அப்படி ஒரு தாளைக் கையில் வாங்கியதில்லை. வருவதெல்லாம் "என்ன செலவானாலும் பரவாயில்லை சார்" என்ற ஒரு வரிதான். பெரியவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தொடர் பார்த்து மக்கள் எதையாவது கற்றுக்கொள்கிறார்களா?

கற்றுக்கொள்கிறார்கள், மறந்தும்போகிறார்கள். 1997இல் 'ஈஆர்' எபிசோடு ஒன்றில் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிச் சிறு உரையாடல் வந்தது. கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு முன்னும் பின்னும் பார்வையாளர்களிடம் விசாரித்தது. ஒளிபரப்பான உடனே அதைப் பற்றித் தெரிந்தவர்கள் கூடினார்கள். சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு பாத்திரம் வருடக்கணக்கில் இருந்தால் கதை வேறு. 'ஈஆர்'ல் ஜீனி புலே என்ற மருத்துவ உதவியாளருக்கு எச்ஐவி. அப்போதைய வழக்கப்படி அவர் சீசன் முடிவில் இறந்திருக்க வேண்டும். இறக்கவில்லை. மருந்து சாப்பிட்டார், வேலைக்கு வந்தார், சண்டை போட்டார். 1999இல் தொடரைவிட்டுப் போனவர் 2008இல் ஒரு எபிசோடுக்குத் திரும்பி வந்தார், நன்றாக. அதே தொடர்தான் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரின் கையை ஹெலிகாப்டர் இறக்கையில் வெட்டிவிட்டு, அடுத்த வருடம் அவர் தலைமேலேயே இன்னொரு ஹெலிகாப்டரைப் போட்டுக் கொன்றது. பதினைந்து சீசன் ஓட்ட வேண்டுமென்றால் என்னதான் செய்வார்கள், பாவம்.

என் எதிரே ஒருவர் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது விக்கல்போல எப்போதாவது ஒரு இழுப்பு. அதை மூச்சு என்று எண்ணி ஏமாற வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை விரல் நீட்டி, "நீங்க 108க்குப் போடுங்க" என்று ஒருவரிடம் சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் எல்லோரும் செல்போனை எடுப்பார்கள், வீடியோவுக்கு. மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறுகையை வைத்து, கையை மடக்காமல் அழுத்தத் தொடங்குங்கள். வாயோடு வாய் வைக்கத் தயக்கமாக இருந்தால் விடுங்கள், அழுத்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள். விமான நிலையம்போன்ற இடங்களில் ஏஇடி என்ற, ஷாக் கொடுக்கும் பெட்டி மாட்டியிருப்பார்கள். திறந்தால் அதுவே பேசும். நேர்கோடாக இருந்தால் "ஷாக் வேண்டாம்" என்று அந்தப் பெட்டியே சொல்லிவிடும்.

சரி, எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'தி பிட்' முதல் சீசனை முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள். நடுவில் புகுந்தால் யார் எந்தக் கட்டிலில் என்றே புரியாது. 'ஈஆர்' முதல் நான்கு சீசன் போதும். நான்காவது சீசனின் முதல் எபிசோடை 1997இல் நேரலையாகவே நடித்தார்கள், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஒருமுறை, மேற்குக் கரைக்கு மறுபடி ஒருமுறை. தேடிப் பார்க்கலாம். வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால் மட்டும் முதல் சீசனின் 19வது எபிசோடைத் தள்ளி வையுங்கள். என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்தபோது நான் தெரியாத்தனமாகப் போட்டுவிட்டு, அன்று ராத்திரி மூன்று தடவை பிரஷர் பார்த்தேன். அவள் தூங்கிவிட்டாள். 110/70.